'யாரும் பிரிக்காத' பென்னி ரோல்: முனையில் தெரிவது தூண்டில் புழு

அமெரிக்காவில் பழைய பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, தேட ஆரம்பித்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணைய ஏலத் தளம் ஒன்றில் "பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தவை, யாரும் பிரித்துப் பார்க்காதவை" என்று விளம்பரம் போட்டு விற்கப்பட்ட மூன்று வீட் பென்னி ரோல்களின் கதை இது. ரோல் என்பது காகிதத்தில் உருளையாகச் சுற்றிய 50 பென்னி, முகமதிப்பு 50 சென்ட். விலை ரோலுக்கு 22 டாலர், தபால் செலவு தனி.

வீட் பென்னி என்பது 1909 முதல் 1958 வரை, பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிரோடு வந்த லிங்கன் காசு. விளம்பரப் படத்தில் பழுப்புக் காகித ரோலின் இரு முனையும் மெஷினில் மடித்திருந்தது. மடிப்பின் நடுவே உள்ள வட்டத்தில் முனைக்காசு தெரியும். ஒரு பக்கம் இந்தியன் ஹெட், அதாவது லிங்கன் காசுக்கு முன்பு, 1909 வரை வந்த பழைய பென்னி. மறுபக்கம் 1943-இன் சாம்பல் நிற எஃகுக் காசு. முனையிலேயே இப்படி என்றால் உள்ளே என்னவெல்லாம் இருக்குமோ என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்புக்குத்தான் 22 டாலர்.

பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது காகிதம்தான். வெளியே கறை, உள்ளே புத்தம்புது வெளிர் நிறம். பல வருஷம் செம்போடு ஒட்டிக்கிடந்த காகிதத்தில் காசு விளிம்பின் கோடுகள் பதிந்திருக்க வேண்டும். ஒரு கோடு கூட இல்லை. முனை மடிக்கும் மெஷினும் வெற்றுக் காகிதமும் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடியவை. பழைய வங்கிப் பெயர் அச்சடித்த காகிதம்கூடக் கிடைக்கிறது. மடிப்பு எதற்கும் சாட்சி இல்லை.

உள்ளே இருந்தவை 1944, 1945, 1946, 1951-டி, 1956-டி, 1957-டி, 1958-டி. திரும்பத் திரும்ப இதே வருஷங்கள். 'டி' என்பது டென்வர் நாணயச் சாலையின் குறி. 1944-இல் பிலடெல்பியா நாணயச் சாலை மட்டுமே 143 கோடி பென்னி அடித்தது. 1956-இலும் 1957-இலும் டென்வர் தலா நூறு கோடிக்கு மேல். சாதாரண வீட் பென்னியை நாணயக் கடையில் கொட்டினால் ஒன்றுக்குச் சில சென்ட்தான் தருவார்கள். முனையில் இருந்த இந்தியன் ஹெட் 1907, அந்த வரிசையிலேயே அதிகம் அடித்த வருஷம். எழுத்தெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது.

என்ன இருந்தது என்பதை விட என்ன இல்லை என்பதுதான் துப்பு. மூன்று ரோலிலும் சேர்த்து 150 காசு. அதில் 1930-க்கு முந்தைய வீட் ஒன்றுகூட இல்லை, 'எஸ்' குறி போட்ட சான் பிரான்சிஸ்கோ காசும் இல்லை. நிஜமாகவே யாரும் தொடாத குவியலில் தேய்ந்த 1919, 1920 எல்லாம் அங்கங்கே தலைகாட்டும். வடிகட்டி எடுத்துவிட்டுச் சக்கையைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 50 காசில் ஒரே ஒரு இந்தியன் ஹெட் இருந்தால், அது ஏதாவது ஒரு முனைக்குத் தானாக வந்து நிற்கும் வாய்ப்பு 25-இல் ஒன்று. அடுத்தடுத்து மூன்று ரோலிலும் அப்படி அமைய 15,625-இல் ஒன்று. மறுமுனை எஃகுக் காசை இன்னும் சேர்க்கவே இல்லை.

புகார் போனது. "நான் தேடவில்லை என்றுதான் எழுதினேன், எனக்கு விற்றவர் தேடினாரா என்பது எனக்குத் தெரியாது. பிரித்த ரோலைத் திரும்ப வாங்குவதில்லை" என்று பதில் வந்தது. விளம்பரத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் அது இருந்ததும் உண்மை. பிரிக்காமல் ஏமாற்றை நிரூபிக்க முடியாது, பிரித்தால் பணம் திரும்பாது. அதனால் இம்மாதிரி எதையாவது வாங்கியே தீருவேன் என்பவர்கள், பொட்டலத்தை வெட்டுவதிலிருந்து கடைசிக் காசு வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

முனையில் 1914-டி தெரிகிறது என்று சொல்லி இன்னும் அதிக விலைக்கு விற்கும் ரோல்களும் உண்டு. அது சுமார் 12 லட்சம் மட்டுமே அடித்த காசு, அதனால் மோசடியும் பழையது. 1944-டி காசில் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். லென்ஸில் இரண்டு இடம் பாருங்கள். சுரண்டிய காசில் 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். லிங்கனின் தோளுக்குக் கீழே, வெட்டுமுனையில் வி.டி.பி. என்ற பொடி எழுத்துகள் இருந்தால் பேச்சே வேண்டாம், போலி. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் அந்த எழுத்துகள் தோளில் ஏறியதே 1918-இல்தான்.

1943-இல் வழக்கமாக அடித்தது எஃகுக் காசு, செம்பு என்றால் அபூர்வம். அதனால் செம்பு நிற 1943 என்று யாராவது காட்டினால் முதலில் காந்தம். ஒட்டினால் எஃகுக்குச் செம்பு முலாம் பூசியது, எடை 2.7 கிராம் அளவில் நிற்கும். ஒட்டாவிட்டாலும் துள்ளாதீர்கள், 1948-இன் 8-ஐ அறுத்து 3 ஆக்கியதாக இருக்கலாம். அசல் 1943-இன் 3-க்கு வால் நீண்டு கீழே இறங்கும்.

வங்கியில் முகமதிப்புக்கே தரும் பென்னிப் பெட்டி கிடைத்தால் இதைவிட எவ்வளவோ மேல். 25 டாலருக்கு 2,500 காசு, 50 ரோல். ஒன்றும் தேறாவிட்டாலும் 25 டாலரும் கையில் நிற்கும், சில கிளைகள் கட்டணம் பிடிக்கும் என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதுவும் 'தேடாத' பெட்டி என்று நினைக்க வேண்டாம். அலசி முடித்தவர்கள் திரும்பக் கட்டும் காசும் அதே சுற்றுக்குத்தான் போகிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். 1982-க்கு முந்தைய செம்புப் பென்னி 3.11 கிராம், பிந்தைய துத்தநாகப் பென்னி 2.5 கிராம். முழுத் துத்தநாக ரோல் 125 கிராம், முழுச் செம்பு ரோல் 155.5. காலிக் காகிதத்தை நிறுத்துக் கழித்துவிடுங்கள். கலந்த காசென்றால் ரோலுக்கு ரோல் எடை ஏறி இறங்கும். வரிசையாக எல்லாமே 125-ஐ ஒட்டி நின்றால், ஒன்று புதுக்காசு, அல்லது செம்பை ஏற்கெனவே யாரோ உருவிவிட்டார்கள். காசு காசாக நிறுக்க வேண்டியது 1982 மட்டும், அந்த வருஷம் இரண்டு உலோகமும் வந்தன. மற்றதற்கு வருஷமே சொல்லிவிடும்.

பெட்டியில் கனடாக் காசு கலந்திருப்பதும் ரோலில் 49 மட்டுமே இருப்பதும் சகஜம். எதிர்பாராமல் பத்து சென்ட் டைம் சிக்குவதும் உண்டு, அதை மட்டும் யாரும் புகார் செய்வதில்லை.

2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான பென்னி அடிப்பது நின்றது. அதற்குப் பிறகு "கடைசிப் பென்னி, சீல் உடைக்காத வங்கிப் பெட்டி" என்று 25 டாலர் பெட்டியை மேல்விலைக்குத் தள்ளுகிறார்கள். அட்டைப்பெட்டிக்கு மறுபடி டேப் ஒட்டுவது பெரிய வித்தையா என்ன? கடைசியாக ஒமேகா (கிரேக்கக் கடைசி எழுத்து) குறியோடு அடித்தவை ஏலத்துக்குப் போனவை, எந்த வங்கிப் பெட்டிக்கும் வரவில்லை. செம்பாக உருக்கி விற்கலாம் என்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். உருக்கக் கூடாது என்று 2007 முதல் விதி இருக்கிறது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. ஊருக்கு எடுத்துப்போகவும் வரம்பு உண்டு. பயணி கையில் 5 டாலர் அளவுக்கு, சேகரிப்புக்கென்று தெளிவாகத் தெரிந்தால் 25 டாலர் வரை.

அந்த விற்பனையாளரின் பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. நேற்று புதிதாக ஒன்பது ரோல் ஏற்றியிருக்கிறார். ஒன்பதிலும் ஒரு முனையில் இந்தியன் ஹெட், முகம் வெளியே பார்த்தபடி.