நடு ஆற்றில் நிற்கும் எஞ்சின்: பழுது பார்ப்பதா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, சீன டீசலா?

எங்கள் படகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 20 அடி ஃபைபர், பின்னால் 40 குதிரைத்திறன் ஜப்பான் டூ ஸ்ட்ரோக். ஜெட்டியில் ஒரே இழுப்பில் பற்றிக்கொள்ளும், மியான்மரின் மோல்மேன் கரையை விட்டுப் பத்து நிமிடம் நன்றாக ஓடும், சால்வீன் ஆற்றின் நடுவே போனதும் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும். போன மழைக்காலத்தில் இப்படி நின்று, நீரோட்டம் எங்களைப் பிலூ தீவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனபோது மச்சினன் துடுப்பை எடுத்துக்கொண்டே, "இதை வித்துட்டு வேற எஞ்சின் போடுங்க மாமா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எதைப் போடுவது?

முதலில் ஃபோர் ஸ்ட்ரோக். சத்தம் குறைவு, புகை இல்லை, பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலை இல்லை, முழு வேகத்தில் மணிக்கு 18 லிட்டர் குடிக்கிற எங்கள் எஞ்சினைவிட நாலைந்து லிட்டராவது மிச்சமாகும். ஆனால் கனம் 20 கிலோவுக்கு மேல் கூடுதல். எங்களுடையதை இரண்டு பேர் தூக்கி ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், அதை முடியாது, ஜெட்டியில் விட்டுவிட்டு யார் தூங்குவது? அதோடு, அதன் கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளைகள் ஊசிமுனை அளவு, கம்ப்யூட்டர் வைத்த மாடல் என்றால் இன்ஜெக்டர். தெருவோரம் தண்ணீர் பாட்டிலில் விற்கிற பெட்ரோலைத்தான் பாதி நாள் ஊற்றுகிறோம், அதிலிருக்கும் அழுக்கு போதும் அதை அடைக்க. அத்தரான் ஆற்றில் கியாய்க்மரோ போகிற வழியில் சென்சார் போனால், லேப்டாப் மாட்டிப் பார்க்க எவன் வருவான்?

அப்புறம் சீன டீசல், இங்கே கிராமங்களில் சரக்கு ஏற்றுகிற டோலாஜி வண்டியில் டக்டக்கென்று ஓடுமே, அதே ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதில் எஸ்195 என்கிற மாடல், நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைத்திறன், முழு பாரத்தில் மணிக்கு மூன்று லிட்டர் டீசல் போதும். நீண்ட தண்டின் நுனியில் விசிறி, சேறு வந்தால் தூக்கிவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர்த் தொட்டிதான். எஞ்சினைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும் பம்பே கிடையாது, தொட்டித் தண்ணீர் கொதித்து ஆவியாகும், ஒரு குவளை மொண்டு ஊற்றினால் முடிந்தது. கிராமத்துக்கு ஒருவராவது இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். குறை என்றால் வேகம் பாதிகூட வராது, கனம் 140 கிலோவுக்கு மேல், பின்னோட்டம் இல்லை, அரை நாள் உட்கார்ந்தால் பல்லெல்லாம் ஆடும். ஃபைபர் படகில் மாட்ட அடியில் மரச்சட்டம் வேறு போட வேண்டும். ஆள் ஏற்ற வேண்டாம், தேங்காயும் பாக்கும் ஏற்றப் போதும் என்றால் இதை அடிக்க ஆளில்லை.

மூன்றாவது, இருப்பதையே சரி செய்வது. இதற்கு ஒரே நிபந்தனை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். அளவுமானி வைத்துப் பார்த்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, இருந்தால் காசைக் கொட்டாமல் விற்றுவிடுங்கள். எங்களுக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. அப்படியானால் நோய் எங்கே? அடுத்த தடவை இருமியபோது மச்சினனை பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர்க் குமிழைப் பிசையச் சொன்னேன். பிசையப் பிசைய எஞ்சின் எழுந்துகொண்டது. தீப்பொறிக் கோளாறு என்றால் குமிழைப் பிசைந்து பலன் இருந்திருக்காது, ஆக பெட்ரோல் போய்ச்சேரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்துதான் வைத்திருந்தோம், அதனால் அது காரணமில்லை. டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன், கால் மணி நேரத்தில் அடியில் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகத் தண்ணீர் உருண்டது. பெட்ரோல் பம்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்து ஓரத்தில் கீறல். சும்மா ஓடும்போது அது தாக்குப்பிடிக்கும், முழு வேகம் கேட்கும்போது கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிவிடும். நின்ற பிறகு மறுபடி ஓடியதற்கும் அதுதான் காரணம், இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் குமிழைப் பிசைந்திருக்கிறோம், யோசிக்கவேயில்லை!

சவ்வு, புதுக் குழாய், தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் மூன்றும் போட்டோம். கையோடு தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தையும் மாற்றினேன், சால்வீன் வண்டலில் அதன் இறக்கைகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. எல்லாம் சேர்த்தும் வேறு எஞ்சின் விலையில் சின்னத் துண்டு. தினமும் ஆள் ஏற்றி ஓட்டுகிறவர், நகரத்தை விட்டுத் தூரம் போகாதவர், பெட்ரோலை நம்பிக்கையான பங்க்கிலேயே போடுகிறவர் என்றால் கார்புரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்கலாம், எண்ணெய்ச் செலவில் போட்ட காசு திரும்பும். எனக்கு அந்த ஓட்டம் கிடையாது.

மச்சினன் மட்டும் இன்னும் டீசலுக்குக் காசு சேர்க்கிறான், தேங்காய் ஏற்ற. சரி, அது அவனுடைய மரப்படகுக்கு.