வயதான நாய் திடீரென்று சாய்ந்து விழுந்தால் உடனே பக்கவாதம் என்று நம்பிவிடாதீர்கள்

வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வயதான நாய் வளர்ப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். வீடு தேடி வந்து ஊசி போடும் ஒருவரிடம் எங்கள் பணம் போனது. அம்மா மட்டும் உறுதியாக நிற்காமல் இருந்திருந்தால் எங்கள் செல்லியும் போயிருப்பாள்.

செல்லி 13 வயது நாட்டு நாய். சித்திரை மாதத்தில் ஒரு காலை, எழுந்தவள் வலப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து விழுந்தாள். தலை கோணிக்கொண்டது. கருவிழிகள் நிற்காமல் இடவலமாக ஆடின. வாந்தி வேறு. நாய்த்தீனி விற்கும் கடையில், டாக்டர் என்று சொல்லி ஒருவருடைய எண்ணைக் கொடுத்தார்கள். வந்தவர் நின்றபடியே பார்த்துவிட்டு, "பக்கவாதம் சார், மூளையில் ரத்தம் கட்டிவிட்டது" என்றார். காதைத் தூக்கிப் பார்க்கவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. முதல் ஊசிக்கே 3,500 ரூபாய். மருந்துச் சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை. தினமும் வந்தார், தினமும் பணம் வாங்கினார். செல்லி எழவில்லை என்றதும், "எதற்கு சார் சித்திரவதை? ஊசி போட்டு முடித்துவிடலாம், புதைக்கவும் நானே ஆள் கூட்டி வருகிறேன்" என்றார். அதற்கும் தனியாக ஒரு தொகை சொன்னார்.

"கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறாள், இவளையா கொல்லச் சொல்கிறாய்?" என்று அம்மா அந்த ஆளை வெளியே அனுப்பினார். ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விழி எந்தத் திசையில் ஆடுகிறது என்று கவனித்தார். பாதங்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். செல்லி ஒவ்வொரு முறையும் பாதத்தை உடனே நேராக்கிக்கொண்டாள். உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பில் வரும் கோளாறு இது, வயதான நாய்களுக்குக் காரணமே தெரியாமல் திடீரென்று வரும் என்றார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் சரியாகிவிடுமாம். சில நாய்களுக்குத் தலைச்சாய்வு மட்டும் போகாமல் அப்படியே தங்கிவிடும். காதுக்குள் சீழ், தைராய்டு குறைவு, மூளைக்கட்டி ஆகியவையும் இதே போலத்தான் தெரியும். சோதிக்காமல் பெயர் சூட்டக் கூடாது என்பது அதனால்தான். விழி மேலும் கீழுமாக ஆடினாலோ, மடக்கிய பாதத்தை நாய் திருப்பிக்கொள்ளாவிட்டாலோ மூளையைச் சந்தேகிக்க வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

என்னைப் பதற வைத்தது இனிமேல்தான். அந்த ஆள் விட்டுப்போன காலிக் குப்பிகளைத் தங்கை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இன்னொன்று மெலாக்சிகாம் என்ற வலி மருந்து. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். செல்லியின் மலம் கறுத்துப் போயிருந்ததைச் சொன்னதும் மருத்துவரின் முகமே மாறிவிட்டது. நோய் தானாகத் தணிந்துகொண்டிருந்தது; அவள் வயிற்றைக் கெடுத்தது மருந்து! புண் ஆறத் தனியாக மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்டு அந்த ஆளுக்குப் போன் செய்தேன். துண்டித்துவிட்டார், அதன் பிறகு எடுக்கவே இல்லை. யார் வந்தாலும் ஊசியை எடுப்பதற்கு முன்பே பதிவு எண்ணைக் கேளுங்கள், மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், குப்பியை எறியாதீர்கள்.

இன்று உங்கள் நாய் இப்படி விழுந்து கிடந்தால், வழுக்கும் டைல்ஸ் தரையில் விடாதீர்கள். கோணிச்சாக்கை விரித்துப் படுக்க வையுங்கள். மாடிப்படியை அடைத்துவிடுங்கள். சட்டென்று தூக்காதீர்கள், தலைச்சுற்றல் கூடும். நடத்தும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்குங்கள். தலையை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் இறங்காமல் வாந்தியும் தொடர்ந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.