கண்டலா, கண்ணாவா, உமரியா, நெல்லா? ஆறு பரப்புச் சவர்த்தரைக்கு ஓர் அலசல்

கனடாவில் இருக்கிற சித்தப்பா போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, வல்லைக் காணி சும்மாதானே கிடக்குது. கொஞ்சம் கண்டல் கண்டு நட்டு விட்டால் என்ன?"

யாழ்ப்பாணத்து வல்லை வெளியை ஒட்டிய ஆறு பரப்பு அது, அரை ஏக்கருக்கும் குறைவு. மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பங்குனி வெயில் ஏறியதும் வெள்ளைப் பொருக்கு விரியும், காலை வைத்தால் நொறுங்கும். அவர் கேட்டது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் உப்பைத் தாங்கும் செடிகள் எல்லாம் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வித்தை இருக்கிறது, அந்த வித்தைக்கு ஏற்ற இடமும் இருக்கிறது.

உப்பு ஒரு செடியை இரண்டு விதமாக அடிக்கும். முதலாவது தாகம். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாமல் போகும். உப்புப் போட்ட தேசிக்காய் தண்ணீர் விட்டுச் சுருங்குவதும் இதே கணக்குத்தான். இரண்டாவது நஞ்சு. பொட்டாசியம் வேலை செய்ய வேண்டிய இடத்தில் சோடியம் புகுந்து இலையைக் கருக்கும். தாகம் உடனே தெரியும். நஞ்சு நாட்கணக்கில், பழைய இலைகளில் தொடங்கும்.

கண்டல், கரையோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் ஒன்று, உப்பைப் படலையடியிலேயே மறிக்கிற சாதி. வேரின் உட்தோலில் உள்ள மெழுகுத் தடுப்பு, கடல்நீரில் உள்ள உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியே நிறுத்திவிடும். 1960களில் ஷோலாண்டர் என்ற உயிரியலாளர் அலையாத்தி மரங்களின் சாற்றை அளந்து பார்த்தார். கண்டலின் தண்டுக்குள் ஏறிய நீர் கிட்டத்தட்ட நன்னீராகவே இருந்தது. இதற்கு மோட்டார் எதுவும் இல்லை. இலையில் நீர் ஆவியாகும் இழுவை ஒன்றே போதுமாம். ஆனால் வெளியே உப்பு கூடக் கூட அந்த இழுவையும் கூட வேண்டும். மழையே இல்லாத ஆடி மாதத்தில், ஆழமில்லாத நீரேரி வற்றி உப்புக் கரைசலாகிற நேரத்தில், கண்டல் திணறும். வற்றுப் பெருக்கு வந்து போகிற சேறும் அதற்கு வேண்டும்.

கண்ணாவும் அலையாத்தி மரம்தான், அதுவும் பெரும்பகுதி உப்பை வேரிலேயே மறிக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்த மிச்சத்தை இலையில் உள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடும். காலையில் ஓர் இலையைப் பிடுங்கி நக்கிப் பாருங்கள், கரிக்கும். சின்ன வயதில் நாங்கள் பந்தயம் கட்டி நக்கியிருக்கிறோம். அடிச்சேற்றில் காற்று இல்லாததற்கு அது கண்ட வழி, ஈர்க்குக்கட்டு மாதிரி நிலத்திலிருந்து மேலே முளைக்கும் மூச்சுவேர்கள். கடல்நீரைவிட இரண்டு மடங்கு உப்பு ஏறினாலும் உயிர் பிழைக்கும். யாழ்ப்பாண நீரேரிக் கரைகளில் கண்ணா இவ்வளவு அடர்ந்து நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் நடுகிறவர்கள் கண்டலையே விரும்புவார்கள். அதன் கன்று மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். பிடுங்கிச் சேற்றில் குத்தினால் சரி, படமும் நன்றாக வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அப்படி நட்டவை என்ன ஆயின என்று 23 இடங்களில் ஓர் ஆய்வு பார்த்தது. 2017இல் வெளியான முடிவு: 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தில் பிழையான மரம் என்பதுதான் பெரிய காரணம். சித்தப்பாவின் காணியும் அந்தக் கணக்கில்தான் சேரும். கடல்நீரை மறிக்கிற தொண்டைமானாறு அணைக்கு உட்பக்கம் வற்றும் பெருக்கும் எங்கே வருகிறது? கண்டலும் வேண்டாம், கண்ணாவும் வேண்டாம்.

அடம்பன் கொடியையும் ஒருவர் சொன்னார். திரண்டால் மிடுக்குத்தான், ஆனால் அது கடற்கரை மணலுக்கு. இந்தக் களிமண்ணுக்கு இல்லை.

அப்புறம் உமரி, உவர்நிலத்தில் தானாக முளைக்கும் சின்னச் செடி. இது மறிப்பதும் இல்லை, துப்புவதும் இல்லை, விழுங்கிவிடுகிறது. உள்ளே எடுத்த உப்பைக் கலத்தின் நடுவில் உள்ள நீர்ப்பையில் பூட்டி வைக்கும். பைக்கு வெளியே வேலை நடக்கிற பகுதியில் பீட்டெயின் போன்ற, கலத்துக்குக் கேடில்லாத பொருள்களைச் செய்து சமன் பிடிக்கும். அந்தப் பொருளைச் செய்யச் செடிக்குச் செலவு அதிகம். ஆனால் நீர்ப்பையை நிரப்ப மலிவான உப்பு இருக்கிறதே! அதனால்தான் இலை தடித்துச் சாறு கட்டிக் கிடக்கிறது, கோடை முற்றினால் சிவக்கிறது. வல்லையால் பஸ்சில் போகிறவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பார்கள்.

உமரியின் இந்தப் பெருந்தீனி நமக்கு உதவும். தமிழ்நாட்டில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, உமரி ஒரு ஹெக்டேயர் உவர்நிலத்திலிருந்து நாலு மாதத்தில் 504 கிலோ உப்பை எடுக்க முடியும் என்று கணக்குச் சொன்னது. ஆறு பரப்பு என்றால் ஏறத்தாழ 75 கிலோ, ஒன்றரை மூட்டை. ஆனால் ஒன்று, செடியைப் பிடுங்கிக் காணிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். உழுது புதைத்தால் உப்பு திரும்ப மண்ணுக்கே.

கடைசியில் நெல். இதை உவர்த்தாவரம் என்று சொல்லவே கூடாது. சாதாரண நெல்லுக்குக் கடல்நீரின் பத்தில் ஒரு பங்கு உப்பே பெரும்பாடு. கேரளத்துப் பொக்காளி, அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்களும் உப்பை வெல்வதில்லை, சமாளிக்கின்றன. பொக்காளி தண்டில் ஏறுகிற சோடியத்தை வழியிலேயே திருப்பி இழுத்து, இளம் இலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் ஆபத்தான நேரம். நம் ஆட்கள் காலபோகத்தில் மழையை நம்பி விதைப்பதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிக் கீழே தள்ளும். வேர் அந்த மேல்மண்ணில் பிழைத்துக்கொள்ளும். மழை முந்தி நின்றால் கதை முடிந்தது.

என் தீர்ப்பு இதுதான்: மேட்டுப் பக்கம் மூன்று பரப்புக்கு வரம்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி நெல், பள்ளத்தில் உமரி. வரம்பு கட்டக் காசு வேண்டும், அதுவும் மழைக்கு முன்னமே.

சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உமரியோ? அதைத்தானே அந்த நாளில அம்மா பிடுங்கி எறியச் சொல்லுறவ" என்றார். வரம்புக்கு எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அளக்க வேண்டும்.