பனிக்காலக் காட்டுப்பாதைக்கு எது சரி: ஃபேட் பைக்கா, ஆணி டயரா?

குளிர் தொடங்கியதும் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மூலையில் சாத்திவிடுகிறவர்கள் உண்டு. பாதையில் கூட்டமே இல்லாத காலம் இதுதான் என்று அப்போதுதான் கிளம்புகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே, வெயில் சாய்ந்து விழும் ஒற்றையடிப் பாதையில், டயர் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காமல் ஓட்டுவதற்கு ஈடாக எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

அதனால் முதல் பனி விழுந்ததும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். மிக அகன்ற டயர் கொண்ட ஃபேட் பைக் ஒன்றைப் புதிதாக வாங்கலாமா, இருக்கிற மவுண்டன் பைக்குக்கே உலோக ஆணிகள் பதித்த டயர் மாட்டினால் போதுமா? இரண்டையும் பல குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலானவர்களுக்கு ஆணி டயர் போதும். ஃபேட் பைக் மோசம் என்பதல்ல காரணம். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தரை நம்மில் பலருடைய பாதையில் கிடையாது.

தமிழில் நாம் எல்லாவற்றையும் பனி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சக்கரத்துக்கு அது ஒரே பொருள் அல்ல. புதிதாக விழுந்து பஞ்சு போலக் கிடக்கும் பனி ஒன்று. ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன பனி இன்னொன்று. பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த பொருக்கு, தண்ணீர் ஓடிய இடத்தில் கண்ணாடி போலப் படிந்த பனிக்கட்டி, பனியே இல்லாமல் கல்லாக உறைந்த மண் என்று இன்னும் உண்டு. ஒரே காலையில், ஒரே பாதையில் இவை அத்தனையும் வரலாம். எந்தச் சைக்கிள் என்பதற்கு முன், இவற்றில் எது உங்கள் பாதையில் அதிகம் என்று தெரிய வேண்டும்.

மிதக்கும் டயர்

ஃபேட் பைக்கின் டயர் 3.8 அங்குலத்திலிருந்து 5 அங்குலம் வரை அகலம் இருக்கும். சாதாரண மவுண்டன் பைக் டயர் 2.2 அல்லது 2.4 அங்குலம்தான். இதன் பிறப்பிடங்களில் முக்கியமானது அலாஸ்கா. அங்கே 1987-இல் இடிட்டாபைக் என்ற பனிப்பாதைப் பந்தயம் தொடங்கிய பிறகு, பனியில் புதையாமல் ஓட்ட வழி தேடியவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கமாக ஒட்ட வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் அலாஸ்காக்காரரான சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்னோ கேட் ரிம்மைக் கொண்டுவந்தார். 2005-இல் சர்லி என்ற அமெரிக்க சைக்கிள் நிறுவனம் பக்ஸ்லி என்ற சட்டகத்தையும் அதற்கேற்ற அகன்ற ரிம், டயரையும் வெளியிட்ட பிறகுதான் ஃபேட் பைக் பரவலாகத் தொடங்கியது.

அகலம் எதற்கு? டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவதற்கு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 25 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றில் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு கணக்குப்படி சுமார் 9 சதுர அங்குலம். 5 பிஎஸ்ஐ என்றால் அதே எடைக்குச் சுமார் 44 சதுர அங்குலம். ஐந்து மடங்கு பரப்பில் எடை பரவுவதால் டயர் பனிக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது. மெல்லிய டயரில் 5 பிஎஸ்ஐ வைத்தால் ரிம் கல்லில் இடிக்கும். அகன்ற டயரில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் காற்று விஷயத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வீட்டுக்குள் 20 டிகிரி வெப்பத்தில் 8 பிஎஸ்ஐ அடித்துவிட்டு வெளியே மைனஸ் 10 டிகிரிக்குப் போனால், அந்த டயரில் மிஞ்சுவது சுமார் 5.7 பிஎஸ்ஐ. யாரும் திறந்துவிடவில்லை, ஓட்டையும் இல்லை, குளிரில் காற்று சுருங்கியதுதான். ஆகவே டயரை வெளியே குளிர விட்டு, பாதை தொடங்கும் இடத்தில் அளப்பதுதான் நல்லது. நான் செய்வது இது: சீட்டில் உட்கார்ந்து, டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பார்ப்பேன். தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே ரப்பரில் மெல்லிய சுருக்கம் ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால் வால்வை ஒரு நொடி அழுத்தி விடுவேன். மேட்டில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றினால் இன்னும் ஒரு நொடி. இந்த அழுத்தத்தில் அரை பிஎஸ்ஐ கூட வித்தியாசம் காட்டும். பெரிய டயல் உள்ள சாதாரண பம்பு அதைக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று இருக்கும் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, குறை என்ன? புதிதாக விழுந்து, யாரும் மிதிக்காத ஆழப்பனியில் ஃபேட் பைக்கும் புதையும். படங்களில் தெறித்துப் பறக்கும் பனியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்கும் யாராவது பனிக்காலணியில் நடந்தோ பனிவண்டி ஓட்டியோ இறுக்கிய பாதை வேண்டும். டயர் கனம், அதனால் முடுக்கம் மந்தம். அகன்ற டயருக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இரண்டு பெடல்களுக்கும் நடுவே இடைவெளி கூடுதல், முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் வாங்குமுன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பனிக்கட்டி மேல் அகலம் உதவாது. 5 அங்குல ரப்பரும் ரப்பர்தான், வழுக்கத்தான் செய்யும்.

பிடிக்கும் டயர்

ஆணி டயரின் கதை இதற்கு நேர் எதிர். சாதாரண டயரின் ரப்பர்க் கட்டைகளுக்குள் சிறு உலோக ஆணிகள் பதிந்திருக்கும், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள். வெறும் எஃகு ஆணி என்றால் கல்லிலும் தாரிலும் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு பல குளிர்காலம் தாங்கும். ஃபின்லாந்தின் டயர் நிறுவனமான நோக்கியன் பெயரில் வந்த ஹக்காபெலிட்டா வரிசையில் டபிள்யூ106, டபிள்யூ240 என்று இரண்டு டயர்கள் உண்டு. அந்த எண்தான் ஆணிகளின் எண்ணிக்கை. தார்ச்சாலைக்கும் அவ்வப்போது வரும் பனிக்கட்டிக்கும் 106 போதும். வளைவும் இறக்கமும் வண்டித்தடமும் உள்ள காட்டுப்பாதைக்கு ஓரங்களிலும் ஆணி வேண்டும், எனவே இருநூறுக்கு மேல் பாருங்கள். சைக்கிள் சாயும்போது தரையைத் தொடுவது ஓரம்தானே.

புது டயரை முதல் 50 கிலோமீட்டர் கடினமான தரையில் நிதானமாக ஓட்ட வேண்டும், சடாரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். இதைச் செய்யாமல் நேரே பனிக்குப் போனவர்களின் டயரில் முதல் மாதத்திலேயே ஆணி கழன்ற குழிகள் வரிசை வரிசையாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

வெறும் தரையில் ஆணி டயர் தகரக் கூரையில் தூறல் விழுவது போலச் சடசடக்கும். முதல் வாரம் அது காதுக்குத் தொந்தரவு. அப்புறம் அதுவே துணை. பனிக்கட்டி மேல் ஏறியதும் சத்தம் அடங்கி நறநறவென்று மாறும். மாலை மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனியை எனக்குப் பலமுறை சொன்னது காதுதான்.

ஒரே ஒரு ஆணி டயர்தான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. இன்னொன்று: சைக்கிளுக்கு ஆணி உண்டு, உங்கள் காலணிக்கு இல்லை. பனிக்கட்டி நடுவே நின்று காலை ஊன்றினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் விழுவீர்கள். ஆணி டயர் மாட்டிய பிறகு நான் விழுந்த இரண்டு முறையும் அப்படித்தான். காலணியின் அடிப்பாகத்தில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

இதன் குறையும் வெளிப்படையானது. இளகிய பனி கணுக்கால் உயரம் வந்துவிட்டால் மெல்லிய டயர் கத்தி போல உள்ளே இறங்கும். ஆணி பனிக்கட்டியைத்தான் பிடிக்கும், பஞ்சுப் பனியில் அதற்குப் பிடிக்க எதுவும் இல்லை.

ஒரே காலை, இரண்டு சைக்கிள்

நடுக்குளிர்காலத்தில் ஒரு நாள். உடன் வந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருடையது ஃபேட் பைக். நான் ஆணி டயரில். முந்தின இரவு புதுப்பனி விழுந்திருந்தது. மேட்டுப் பகுதியில் அவர் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறிப் போனார். நான் பத்தடிக்கு ஒருமுறை புதைந்து, கடைசியில் இறங்கிவிட்டேன். "தம்பி, நீ தள்ளிக்கிட்டே வா, நான் மேல நிக்கிறேன்" என்றார். அரை மணி நேரம் தள்ளினேன்.

மறுபக்கம் ஓடைக்கரை. அங்கே மரநிழலில் பனி குறைவு, ஆனால் ஊற்றுநீர் பாதையில் வழிந்து உறைந்திருந்தது. "அண்ணே, இறங்கிடுங்க, இங்கிருந்து பூரா ஐஸ்" என்று கத்தினேன். அவர் இறங்கி, பாதையோரப் புல்லில் கால் வைத்து வைத்து நடந்தார். நான் ஓட்டிக்கொண்டே போய்க் கீழே காத்திருந்தேன். மொத்தச் சுற்றுக்கும் இருவருக்கும் ஆன நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க நான் குறித்துப் பார்த்தேன். என் பாதையில் அந்த மேட்டைப் போன்ற ஆழப்பனி இருந்த நாட்கள் சில. ஓடைக்கரையைப் போன்ற பனிக்கட்டியும் உறைந்த மண்ணும் இருந்த நாட்கள் ஏராளம். இந்தக் கணக்கால்தான் நான் ஆணி டயர் பக்கம் சாய்ந்தேன். மூன்று நான்கு மாதம் பனி உருகாமல் கிடந்து, யாராவது வாரம்தோறும் பாதையை இறுக்கிவிடும் இடத்தில் இருப்பவருக்கு இதே கணக்கு ஃபேட் பைக் பக்கம் சாயும், அவர் தயங்காமல் வாங்கலாம். அகன்ற டயரிலேயே ஆணி பதித்ததும் கிடைக்கிறது. இரண்டு வேலையும் செய்யும், ஆனால் செலவும் கூடும், கனமும் கூடும். 2.8, 3 அங்குல நடுத்தர டயர்களும் உண்டு. உங்கள் சட்டகத்தில் இடம் இருந்தால் அது நல்ல சமரசம்.

குளிரிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பது பலருக்குத் தோன்றாது. மைனஸ் 5 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 12 போல இருக்கும். ஆணி டயரில் உறைந்த மண்மேல் அந்த வேகம் சாதாரணமாக வரும். ஃபேட் பைக்கில் வேகம் பாதி, உழைப்பு அதிகம், எனவே உடம்பு சூடாகவே இருக்கும். வியர்வைதான் அங்கே பிரச்சினை, நின்றதும் அது குளிர்ந்து நடுக்கும். எதுவானாலும் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பருத்தி பனியனைத் தவிர்க்க வேண்டும். கைக்கு ஹேண்டில்பாரிலேயே மாட்டும் உறைதான் சிறந்தது, எந்தக் கையுறையும் அதற்கு ஈடில்லை. தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், எனவே குப்பியைத் தலைகீழாக வைத்தால் உறைவது அடிப்பக்கம், வாய் திறந்திருக்கும். கடுங்குளிரில் மினரல் ஆயில் என்ற எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக், எண்ணெய் கெட்டிப்பட்டு மந்தமாகும், கிளம்புமுன் நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

இரண்டு சைக்கிளையும் வீட்டிலேயே விட வேண்டிய நாட்களும் உண்டு, அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வெயில் ஏறி மேல்மண் இளகி, அடிமண் இன்னும் உறைந்திருக்கும் நேரம் அது. கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் மேலேயே தேங்கி, பாதை கூழாகிவிடும். அப்போது பதியும் தடம் இரவில் உறைந்து வாரக்கணக்கில் நிற்கும். அதில் சக்கரம் மாட்டி விழுகிறவர் அடுத்து வருகிறவர்தான். பனியிலும் உங்கள் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் போட்டால் திரும்பிவிடுங்கள். பல பாதைகளில் இதையே விதியாகவும் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் 3.8 அங்குலத்துக்குக் குறைந்த டயருக்கே அனுமதி இல்லை, அங்கே ஆணி டயர்க்காரரின் வாதம் எடுபடாது. பனிச்சறுக்குக்காரர்களுக்கென்று கோடு போட்ட தடத்தில் எந்தச் சைக்கிளும் ஏறக் கூடாது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள், சைக்கிளை நிறுத்தி மிதிக்க உதவும் டிரெயினரில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு, மறுநாள் விடியலில் மண் மறுபடி இறுகியிருக்கும்போது போகலாம்.

வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் தீரவில்லையென்றால், இரண்டு வாரம் அதே பாதையில் நடந்து பாருங்கள். கையில் ஒரு குச்சி. வழக்கமாக ஓட்டும் நேரத்தில், எந்தெந்த இடத்தில் குச்சி உள்ளே இறங்குகிறது, எங்கே டக்கென்று நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடங்கள் அதிகமானால் ஃபேட் பைக். நின்ற இடங்கள் அதிகமானால் ஆணி டயர், அதுவும் முன்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.