நிச்சயமா, கண்டிப்பாகவா, உறுதியா? தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் கேட்க எந்தச் சொல்

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதுவது என் பொறுப்பு. அந்தச் செய்திகளிலிருந்து ‘நிச்சயம்’, ‘கண்டிப்பாக’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘உறுதி’க்கு மாறிவிட்டேன். குழுவில் சிலர் ஏன் என்று கேட்டார்கள்.

‘கண்டிப்பாக’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்டிப்பான வாத்தியார் என்கிறோமே, அந்தக் கண்டிப்புதான் இதிலும் இருக்கிறது. “கண்டிப்பா வரேண்ணே” என்று ஒருவர் தானாகச் சொன்னால் அது வாக்கு, “கண்டிப்பாக வரவும்” என்று நாம் எழுதினால் உத்தரவு. சம்பளமில்லாமல் வெயிலில் நின்று மோர் ஊற்ற வருகிறவருக்கு உத்தரவு எதற்கு? ‘கட்டாயம்’ இன்னும் மோசம்.

‘நிச்சயம்’ கனமான சொல். பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்றால் இரண்டு குடும்பம் கூடி, தட்டு மாற்றி, ஊரறிய முடித்த காரியம். ஆனால் ‘நிச்சயமாக’ என்று ஆனதும் அந்தக் கனம் எங்கே போகிறதோ தெரியவில்லை. நம் ஆட்கள் “நிச்சயமா வரேன்” என்பது பல நேரம் மரியாதைக்குத்தான், முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மனம் வராது. அதில் தப்பே இல்லை, ஆனால் அதை நம்பி எத்தனை அண்டா மோர் கரைப்பது?

எனக்கு முடிவைக் கொடுத்தது எதிர்மறைதான். எந்தச் சொல்லையும் ‘இல்லை’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘கண்டிப்பாக இல்லை’ என்றால் கதவைச் சாத்தியாயிற்று, ‘நிச்சயமாக இல்லை’யும் அப்படியே. ‘நிச்சயமில்லை’ என்றால் இழுபறி, கேட்கிறவருக்கு மனசு விட்டுப்போகும். ‘இன்னும் உறுதியாகலை’ என்று சொல்லுங்கள், யாருக்கும் முகம் சுருங்காது, காரியம் பாதியில் இருக்கிறது, முடிந்ததும் சொல்வார் என்று புரிந்துவிடும். ஆள் சேர்க்கிறவனுக்கு ‘வரேன்’ எவ்வளவு முக்கியமோ அதே அளவு முக்கியம் இந்த நேர்மையான ‘இன்னும் இல்லை’. அப்புறம், உறுதி செய்கிறேன் என்றால் எதை என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. “வெள்ளித் தேர் வர்ற நாள் காலை 6 மணியை உறுதி செய்யுங்க அக்கா” என்று எழுதினால் “6 முடியாது தம்பி, 10 மணின்னா உறுதி” என்று பதில் வருகிறது. நாளும் நேரமும் கையில் கிடைத்துவிடுகிறது.

‘கன்பர்ம்’ இருக்கிறதே என்பார்கள். பேச்சில் நானும் சொல்கிறேன். ஆனால் “இன்னிக்கு பாலத்துல கன்பர்ம் ஜாம்” என்று வெறும் ஊகத்துக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம், எழுத்தில் அது நிற்காது.

மலாய் மொழியில் நடப்பைப் பற்றிய உறுதிக்கு ‘பாஸ்தி’, மனத்தின் உறுதிக்கு ‘யாக்கின்’ என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்வார்கள். நமக்கு உறுதியான தகவலும் மன உறுதியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன, கயிறு உறுதி என்பது உட்பட. ‘நம்பிக்கை’ வேறு ரகம். “வருவார்னு நம்புறேன்” என்பதில் பாதி ஆசை கலந்திருக்கிறது, ஆகவே அதை நன்றிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். (பழைய இலக்கணத்தில் இதற்கெல்லாம் ஒரே எழுத்து போதும். ‘உண்டே மறுமை’ என்பதில் அந்த ஏகாரம்தான் தேற்றம், அதாவது ஐயமில்லாத தெளிவு. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம்.)

இதெல்லாம் தொண்டுக்கு ஆள் கேட்கிற செய்திக்குச் சரி. வியாபாரக் கடிதம், ஒப்பந்தம் எல்லாம் நான் அதிகம் எழுதியதில்லை, அங்கே கண்டிப்பே தேவைப்படலாம். ‘உறுதி செய்யுங்கள்’ என்பதில் கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிப்பதும் உண்மைதான். அதனால் வயதானவர்களுக்கு மட்டும் “வர்றது உறுதியானா ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா” என்று எழுதுகிறேன், பெரும்பாலும் அவர்கள் பதில் எழுதாமல் போனே போட்டுவிடுகிறார்கள்.