கதை எழுதுபவருக்கு வலைப்பூ தேவையா? பதினாறு வருடம் வைத்திருந்த அனுபவம்

2009 மார்ச்சில் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிளாகரில் ஒரு வலைப்பூ திறந்தேன். கையில் ஆறு சிறுகதைகள் இருந்தன. அச்சில் வந்தவை இரண்டு. தட்டச்சுக்கு இ-கலப்பை, நாலு பேர் கண்ணில் பட, வலைப்பூப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டி, அவ்வளவுதான் அன்றைய ஏற்பாடு. இன்று நானூறுக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன, மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. நூலகச் சந்திப்புகளில் பார்க்கும் இளையவர்கள், "முகநூல் இருக்கும்போது வலைப்பூ வேற எதுக்கு?" என்று கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதில் எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது என்று எனக்குப் பிடிபடவே நாலைந்து வருடம் ஆனது.

முதலில் கதைகளையே போட்டேன். எழுதி முடித்த சூட்டோடு ஏற்றிவிடுவது. ஒருநாள் ஒரு சிற்றிதழ், மூன்று மாதம் உழைத்துத் திருத்தி அனுப்பிய கதையைத் திருப்பி அனுப்பியது. காரணம், அதன் முதல் வடிவம் என் வலைப்பூவில் இருந்தது. அவர்கள் செய்தது சரிதான். வேறெங்கும் வெளிவராத படைப்பு என்று இதழ்கள் கேட்கும்போது வலைப்பூவும் அந்த 'வேறெங்கும்'-இல் சேர்ந்ததுதான். சிங்கப்பூரின் தங்கமுனை விருதுப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தாலும் முன்பு வெளிவராத கதையாகவே இருக்க வேண்டும். இங்கே தமிழில் கதை எழுதுபவருக்கு இருக்கும் வாசல்கள் மிகக் குறைவு. அவற்றை நாமே அடைத்துக்கொள்ளலாமா? அன்றிலிருந்து தொகுப்பில் வந்து ஒரு வருடம் ஆகாத கதை எதையும் ஏற்றுவதில்லை.

இதைச் சொன்னால் உடனே எழுத்தாளர் ஜெயமோகனைக் காட்டுவார்கள். உண்மைதான். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை 26 நாவல்களாக விரிந்த, மகாபாரதத்தை மறுபடி சொல்லும் வெண்முரசை நாள்தோறும் தன் தளத்திலேயே வெளியிட்டார். ஆனால் அதற்கு முன்பே அவருக்கு இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்த வாசகர்கள் இருந்தார்கள். தவிர, அது தொடர். நாளைக்கு அடுத்த அத்தியாயம் வரும் என்று வாசகர் காத்திருக்கிறார். சிறுகதையின் கதி வேறு. எழுதியதும் ஒரு மாதம் கண்ணில் படாமல் கிடக்க வேண்டும். 'வெளியிடு' பொத்தான் பக்கத்திலேயே இருந்தால் அந்த ஒரு மாதத்தைப் பொறுத்துக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் கருத்து எழுதப் போனேன். 2012, 2013 இரண்டு வருடமும் எந்தச் சர்ச்சை வந்தாலும் அதைப் பற்றி ஒரு பதிவு. அந்த இரண்டு வருடத்தில் முடித்த கதை ஒன்றே ஒன்று. நேரம் போனது கூடப் பெரிய இழப்பில்லை. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றை வைத்து ஒரு கதை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அதே விஷயத்தைப் பற்றிக் காட்டமாக ஒரு கட்டுரை போட்டேன். கதைக்குத் திரும்பியபோது அதில் வரும் மேற்பார்வையாளர் வெறும் கெட்டவராக நின்றார். அவருக்கு வீட்டில் என்ன கவலை, ஏன் அன்று அப்படிக் கத்தினார் என்று யோசிக்கவே முடியவில்லை. தீர்ப்பைத்தான் கட்டுரையிலேயே சொல்லி முடித்துவிட்டேனே. அந்தக் கதை இன்னமும் பாதியில் கிடக்கிறது. கதை எழுதுபவர் வலைப்பூவில் கருத்துக் கட்டுரை எழுதுவதை நான் இன்றுவரை பரிந்துரைப்பதில்லை.

சரி, எதைத்தான் போடுவது? பார்த்ததை, கேட்டதை, புரியாததைப் போடலாம். இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு ரயில் பாதை.

2011 ஜூன் 30 இரவோடு தஞ்சோங் பகார் நிலையத்தில் மலாயன் ரயில் சேவை நின்றது. மறுநாள் முதல் உட்லண்ட்ஸே கடைசி நிலையம். ஜூலையில் இரண்டு வாரத்துக்கு மேல் அந்தத் தண்டவாளத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று விட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை புக்கிட் தீமாவிலிருந்து நடந்தேன். சரளைக்கல்லில் கருத்துப்போன எண்ணெய்க் கறை, இடுப்பளவு லாலான் புல், செருப்பைத் தாண்டிச் சுட்ட இரும்பு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தேன். கூடவே, நிலைய அதிகாரி பச்சைக் கொடி அசைத்து ரயிலை அனுப்பிவைத்திருப்பார் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அது கற்பனை.

மூன்று வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர், உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன், கொடி மட்டும் இல்லை என்று சொல்லச் சொன்னார்' என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு தேக்கா உணவங்காடியில் அந்தத் தாத்தாவைச் சந்தித்தேன். எண்பது வயதைத் தாண்டியவர். அது ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமலிருக்க ஒரு சாவி உண்டு. சாவி யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிதான் நகரலாம். சாவியை ஒரு பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கோத்து, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே வண்டியில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். "கையை விறைப்பா வச்சுக்கக் கூடாது தம்பி. வளையம் முழங்கை வரைக்கும் ஏறி நிக்கணும், இல்லன்னா தோள் போயிடும்" என்றார். தேத்தண்ணிக் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு, வலது கையை லேசாக மடக்கி நீட்டிக் காட்டினார். "புக்கிட் தீமாவுல கடைசி வரைக்கும் அப்படித்தான் ஐயா நடந்துச்சா?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த மடங்கிய கையிலிருந்துதான் என் இரண்டாவது தொகுப்பின் தலைப்புக் கதை வந்தது. முகநூலில் எழுதியிருந்தால் நாலு நாளில் அடியில் போயிருக்கும். மூன்று வருடம் கழித்து ஒரு பேத்தி தேடியபோது கிடைத்தது வலைப்பூவில் இருந்ததால்தான். கொடி என்ற வரியை நான் அழிக்கவில்லை. கீழே திருத்தம் சேர்த்திருக்கிறேன். 2022 ஜூலையில் புக்கிட் தீமா நிலையத்தைப் புதுப்பித்து மக்களுக்குத் திறந்தபோது அந்தப் பழைய பதிவைத் தேடி மறுபடி ஆட்கள் வந்தார்கள்.

வாசகர் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பதிவை அறுபது, எழுபது பேர் வாசித்தால் எனக்கு நல்ல வாரம். தொகுப்பு விற்பனைக்கு வலைப்பூ பெரிதாக உதவியதாகத் தெரியவில்லை. அதை நம்பித் தொடங்குகிறவர்கள் ஆறே மாதத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறுபது பேரில் ஈசூன் எப்படி இருந்தது, தேக்கா சந்தை எங்கே இருந்து எங்கே வந்தது என்று கூடவே வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை வாசகர் எவ்வளவு நுட்பமானவராக இருந்தாலும் என் கதையில் ஒரு புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண் தவறு என்று சொல்ல முடியாது. இவர்கள் சொல்வார்கள்.

பராமரிப்பு விஷயத்தில் ஒன்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் படங்களை வேறொரு இலவசத் தளத்தில் வைத்து இணைத்திருந்தேன். அவர்கள் விதியை மாற்றினார்கள், தண்டவாளப் படங்கள் மொத்தமும் போயின. எழுத்து தப்பியது. இப்போது மாதாமாதம் முதல் ஞாயிறு முழு வலைப்பூவையும் கோப்பாக இறக்கி இரண்டு இடத்தில் வைக்கிறேன். முடிந்தால் .எஸ்ஜி என்று முடியும் சொந்த முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 31 முதல் அந்த முகவரியில் உள்ள தளங்களைத் தனியாக அனுமதி கேட்காமலேயே சேகரித்துப் பாதுகாக்கத் தேசிய நூலக வாரியத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. இந்த ஊர்த் தமிழ் எழுத்து இந்த ஊர்க் காப்பகத்தில் இருக்கட்டும் என்ற ஆசையில் நானும் இந்த வருடம் மாறப் போகிறேன்.

எழுதும் முறையும் இப்போது எளிதாகிவிட்டது. ஞாயிறு காலை நாற்பது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. மற்ற நாட்கள் கதைக்கு. கதைக்குத் தேவையான ஏதாவது தெரியவில்லை என்றால் அதையே பதிவாகப் போட்டுக் கேட்டுவிடுகிறேன். பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய 1971-இல், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை முடியும் நேரத்தை அங்கே சங்கு ஊதிச் சொன்னார்களா, மணி அடித்தா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. ஒருவர் சங்கு என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் தெரியாது, அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டால் மணி ஐந்து என்று அம்மா உலை வைப்பார் என்று எழுதியிருக்கிறார். அவருக்குத்தான் முதலில் பதில் போட்டேன். வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.