பிராங்காவா, எர்ஸ்கினா?

1951 அக்டோபர் 3, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். பேஸ்பால் அணிகளான ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் இரண்டும் தலா ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை வென்றிருந்தன, இது மூன்றாவது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 4-2 முன்னிலை, ஒரு அவுட், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் ஜயன்ட்ஸ் ஓட்டக்காரர்கள். அடுத்து பந்தடிக்க வருபவர் ஜயன்ட்ஸின் பாபி தாம்சன். டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் நியூகோம்பை எடுத்துவிட்டு யாரை அனுப்புவது?

கார்ல் எர்ஸ்கினின் பலம் மேலிருந்து வளைந்து விழும் பந்தான கர்வ். ஆனால் பயிற்சி வீச்சில் அது தரையில் குத்தியதாக டாட்ஜர்ஸ் பயிற்சியாளர் சுக்கஃபோர்த் தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது பந்து கேட்சரைத் தாண்டினால் ஒரு ரன் இலவசம். டாட்ஜர்ஸ் மேனேஜர் டிரெசனின் பயம் நியாயமானதே.

ரால்ஃப் பிராங்காவிடம் வேகம் உண்டு, அந்த ஆபத்து குறைவு. ஆனால் அக்டோபர் 1 அன்றுதான் அவர் 8 இன்னிங்ஸ் வீசியிருந்தார். அன்று அவர் பந்தில் ஹோம் ரன் அடித்தவரும் இதே தாம்சன்தான். இடது எல்லைக்கோட்டில் சுவர் 279 அடியில்தான். எர்ஸ்கினின் பந்து கேட்சரைத் தாண்டி ஒரு ரன் போனாலும் முன்னிலை மிஞ்சும். பந்து சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆனால், பேஸ்களில் நிற்கும் இருவரோடு அடித்தவரும் சேர்ந்து மூன்று ரன், எல்லாமே போகும். அதனால் எர்ஸ்கினே சரியான தேர்வு என்பேன்.

டிரெசன் பிராங்காவை அழைத்தார். முதல் ஃபாஸ்ட்பால் ஸ்டிரைக். இரண்டாவது உள்பக்கம், உயரமாக வந்தது. தாம்சன் அதை இடப்பக்க இருக்கைகளுக்குள் அடித்தார். ஜயன்ட்ஸ் 5-4.